கோனியோபோராவுக்கு மொதல்ல சோறு போடுங்க

கோனியோபோராங்கற பவளத்த (கோரல்) வாங்கலாமான்னு, ரீஃப் டேங்க், அதாவது வீட்ல பவளம் வளக்கற உப்புத்தண்ணி தொட்டி, வச்சிருக்கற பழைய ஆளுங்ககிட்ட கேட்டா முக்காவாசி பேர் வேணாம்னுதான் சொல்லுவாங்க, சில மாசம் நல்லா விரிஞ்சு ஆடும் அப்புறம் ஒவ்வொரு பாலிப்பா (பூ மாதிரி விரியற குட்டி உயிர்) சுருங்கி வெறும் எலும்புதான் மிஞ்சும்னு. பொய் இல்ல, நெறைய டேங்க்ல அப்படித்தான் நடந்துச்சு. ஆனா அப்ப நைட்ரேட் ஜீரோ பாஸ்பேட் ஜீரோன்னு டெஸ்ட் கிட்ல வந்தா அதான் பெருமை. பாதி கோனியோபோராவ கொன்னது அந்த ஜீரோதான்ங்கறது என் கட்சி.

அது உடம்புக்குள்ள இருக்கற பாசி வெளிச்சத்த வச்சு சர்க்கரை செஞ்சு குடுக்கும், சரி, ஆனா சர்க்கரைய மட்டும் வச்சு சதை வளருமா? நைட்ரஜன் பாஸ்பரஸ் எல்லாம் வேணும்ல. பெரிய ஸ்கிம்மர் (நுரை வச்சு தண்ணில இருக்கற கழிவ எடுக்கற மெஷின்) போட்டு எல்லாத்தையும் உறிஞ்சி எடுத்துட்டு வெளிச்சத்த மட்டும் ஏத்திக்கிட்டே போனா அது இருக்கற சேமிப்ப தின்னு கொஞ்ச நாள் ஓட்டும், அதனாலதான் மொத சில மாசம் நல்லாருக்கற மாதிரி தெரியுது. இப்ப நெறைய பேர் நைட்ரேட் 5லருந்து 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05லருந்து 0.1 வரைக்கும் வேணும்னே விட்டு வைக்கிறாங்க. ரெண்டும் ஜீரோல நின்னா டைனோங்கற ஒத்தச்செல் பாசி வேற வந்துரும், மணல் மேல குமிழி குமிழியா பழுப்பு சளி, அத விரட்டறது தனிக் கத.

சாப்பாடு பொடிசா இருக்கணும், ரோட்டிஃபர்ங்கற துளியூண்டு நீர் உயிர், இல்லன்னா கோரலுக்குன்னு வர்ற பொடி. அலை கெளப்பற வேவ்மேக்கர கொஞ்ச நேரம் நிறுத்திட்டு பைப்பெட்ல மேல மெதுவா தூவுனா போதும், வேகமா பீச்சி அடிச்சா மூடிக்கும். மாங்கனீஸ் ஊத்துனா நல்லா விரியுதுன்னும் சொல்றாங்க, ஊத்துங்க, ஆனா மொதல்ல சோறு.

அக்ரோபோராங்கற பவளத்தோட கத வேற. அதுக்கு தண்ணியோட டெஸ்ட் நம்பர் ஆடக்கூடாது. கடல்ல ஆல்க்கலினிட்டி (தண்ணில கார்பனேட் எவ்ளோ இருக்குங்கற அளவு, அதோட அலகு டிகேஎச்) 7 டிகேஎச் பக்கம், டேங்க்ல 7லயும் வைக்கலாம் 9லயும் வைக்கலாம், ஆனா இன்னைக்கு 7 நாளைக்கு 9ன்னு குதிச்சா அடியிலருந்து சதை உரிய ஆரம்பிச்சுரும். கொறஞ்சு போச்சுன்னு பதறி ஒரே நாள்ல ஏத்தறதுதான் அது கொறஞ்சதவிட ஆபத்து, ஒரு நாளைக்கு 1 டிகேஎச் தாண்டாதீங்க, அரை போதும். டெஸ்ட்டும் தெனம் ஒரே நேரத்துல எடுங்க, காலைலயும் ராத்திரியும் அளவு மாறும், அது தெரியாம மாத்தி மாத்தி எடுத்துட்டு அளவா கரைசல் ஊத்தற டோஸிங் பம்ப்ப திருகிக்கிட்டே இருந்தா நாமளே ஆட்டிவிடறோம்னு அர்த்தம். கால்சியம் 420, மெக்னீசியம் 1300 பிபிஎம் சுத்தி இருந்தா அத பத்தி அவ்ளோ கவலைப்பட வேணாம்.

சன் கோரலுக்கு உள்ள பாசியே கெடையாது, ஒவ்வொரு வாயா ஊட்டணும், சோம்பேறிங்க தொடாதீங்க. டென்ட்ரோநெஃப்தியாங்கற மென்பவளத்த மட்டும் எவ்ளோ கலரா இருந்தாலும் வாங்காதீங்க. அதுவும் பாசி இல்லாத ஜாதிதான், ஆனா தண்ணில மெதக்கற நுண்ணுயிர நாள் பூரா தின்னுக்கிட்டே இருக்கணும், அவ்ளோ சாப்பாட்ட வீட்டு டேங்க்ல போட்டா தண்ணி தாங்காது, போடலன்னா அது தாங்காது.