வவுச்சர் டைரி: மாசக் கடைசிக்குள்ள தீர்க்கணும்

மார்ச் 4

ஏர்லைன்ஸ்காரன்கிட்டேர்ந்து மெயில், "உங்கள் வவுச்சர் மார்ச் 31-உடன் காலாவதியாகிறது"ன்னு. போன வருஷம் அவங்களே ஃபிளைட்ட கேன்சல் பண்ணிட்டு, பணமா வேணுமா வவுச்சரா வேணுமான்னு கேட்டப்ப, வவுச்சர்ல கொஞ்சம் கூட போட்டுத் தர்றோம்னாங்க, சரின்னு வாங்கி வச்சதுதான். இவரு மெயிலப் பாத்ததும் "அப்ப இந்த மாசமே எங்கயாவது போயாகணுமா"ன்னு லீவு கணக்குப் போட ஆரம்பிச்சிட்டாரு. இருங்க, முதல்ல கண்டிஷன படிப்போம்னேன்.

மார்ச் 5

படிச்சேன். பொடி எழுத்துல ரெண்டு பக்கம், அதுல உருப்படியான வரி ஒண்ணே ஒண்ணுதான், அந்தத் தேதிக்குள்ள புக் பண்ணினா போதுமா இல்ல பயணமே முடிச்சிருக்கணுமாங்கறது. சில ஏர்லைன்ஸ்ல புக்கிங் மட்டும் போதும், சிலதுல ஏறி இறங்கியே ஆகணும், இன்னும் சிலதுல பழைய டிக்கெட் எடுத்த நாள்லேர்ந்து ஒரு வருஷம்னு கணக்கு, வவுச்சர் வந்த நாள்லேர்ந்து இல்ல. நம்மளுதுல "ரிடீம் செய்ய வேண்டிய கடைசித் தேதி"ன்னு மொட்டையா போட்டிருக்கான். எனக்கு புக்கிங்னுதான் தோணுது, ஆனா நமக்குத் தோணுறத வச்சு அவன் டிக்கெட் தர மாட்டானே.

மார்ச் 6

கஸ்டமர் கேர்ல ஃபோன எடுக்கவே இல்ல, சாட்ல புடிச்சேன். "31-ஆம் தேதிக்குள் புக் செய்தால் போதும் மேடம், பயணம் பிறகு செய்யலாம்"னு அந்தப் பொண்ணு அடிச்ச உடனே ஸ்கிரீன்ஷாட். பெரும்பாலான ஏர்லைன்ஸ் கிட்டத்தட்ட 330 நாளுக்கு முன்னாடியே டிக்கெட்ட திறந்து விட்டுடுறாங்க, அப்ப அடுத்த ஜனவரிக்குக் கூட இப்பவே போடலாம். எக்ஸ்பைரி அந்த ஊர் நேரமா நம்ம ஊர் நேரமான்னும் கேட்டேன், அவங்க ஹெட் ஆபீஸ் நேரமாம். கடைசி ராத்திரி உக்காந்து போட்டுக்கலாம்னு இருக்கறவங்க இத கேட்டு வச்சிக்கோங்க.

மார்ச் 9

தம்பி ஃபோன்ல ஒரே சண்டை, ஏன்க்கா வவுச்சர் வாங்கின, ஐரோப்பாவுல 261/2004-னு ஒரு விதி இருக்கு, ஃபிளைட்ட கேன்சல் பண்ணினா 7 நாள்ல டிக்கெட் காச பணமாவே தரணும், பயணி கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டாத்தான் வவுச்சர், இந்தியாவுலயும் டிஜிசிஏ, அதான் விமானத் துறைய கண்காணிக்கற அரசு அமைப்பு, அதோட விதிப்படி கிரெடிட் ஷெல்லுங்கறது, அதாவது காச ஏர்லைன்ஸ்லயே வரவா வச்சிக்கறது, பயணியோட விருப்பம், ஏர்லைன்ஸா திணிக்கக் கூடாது அப்படின்னு. எல்லாம் சரிடா, நான்தானே கேட்டு வாங்கினேன், எக்ஸ்ட்ரா தொகை சும்மாவா. எப்படியும் போகப்போற பயணம் ஒண்ணு இருந்தா வவுச்சர் லாபம்தான். வவுச்சர் இருக்கேன்னு இல்லாத பயணத்த உண்டாக்கினா ஹோட்டல், டாக்ஸின்னு கைக்காசு அதுக்கு மேல போயிடும். இவரு ஆசைப்படற பீச் ட்ரிப் அந்த ரகம். அக்காவோட வீட்டு கிரகப்பிரவேசம் நவம்பர்ல எப்படியும் போகணும், அதுக்கே போட்டுடலாம்னு முடிவு, இவரு மூஞ்சி கொஞ்சம் தொங்கிப் போச்சு.

மார்ச் 14

சைட்ல சீப்பா ஒரு ஃபிளைட் வந்துச்சு, நம்பர் இவங்களோடது, கீழ பொடியா "ஆபரேட்டட் பை"ன்னு வேற கம்பெனி பேரு. கோட்ஷேர். நம்ம வவுச்சர் கண்டிஷன்ல அவங்க சொந்த ஃபிளைட்டுக்கு மட்டும்தான்னு இருக்கு, விட்டாச்சு. ட்ராவல் சைட்டுங்க வழியாவும் செல்லாது, நேரா ஏர்லைன்ஸ் சைட்லயே போடணும்.

மார்ச் 15

போட்டாச்சு! வவுச்சர் போடற கட்டம் எங்கன்னே தெரியல, கார்டு விவரத்துக்குக் கீழ மடிச்சு வச்சிருக்கான், தட்டினாத்தான் விரியுது. கோட அடிச்சா "செல்லாது", திரும்ப அடிச்சாலும் "செல்லாது", நெஞ்சு திக்குன்னு ஆயிடுச்சு. மெயில பெரிசு பண்ணிப் பாத்தா நடுவுல இருக்கறது ஓ இல்ல, பூஜ்யம். காப்பி பேஸ்ட் பண்ணலாம்னா வவுச்சர படமா அனுப்பியிருக்கான், எவன் யோசனையோ இது.

ஒரு புக்கிங்குக்கு ஒரு வவுச்சர்தான், எங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா வந்திருந்ததால ரெண்டு புக்கிங், ரெண்டு பி.என்.ஆர். என்னோடது பேஸ் ஃபேர், டாக்ஸ் ரெண்டையும் எடுத்துக்கிச்சு, சீட் தேர்வு பண்ற காசுக்கு மட்டும் எடுக்கல, அதனால அதுக்குக் கார்டு. இவரோடதுல கொஞ்சம் மிச்சம், அது புது வவுச்சரா வந்துச்சு, ஆனா எக்ஸ்பைரி அதே மார்ச் 31. லக்கேஜுக்கு அத போடலாம்னு கண்டிஷன்ல இருந்துச்சு, அப்பவே எக்ஸ்ட்ரா பேக் ஒண்ணு சேத்துட்டேன், அக்கா வீட்டுக்குப் போறப்ப எப்படியும் தேவைப்படும்.

மார்ச் 16

காலையில ரெண்டு பி.என்.ஆரையும் சைட்ல போட்டுப் பாத்தேன், ரெண்டுமே "கன்ஃபர்ம்டு", டிக்கெட் நம்பரும் வந்தாச்சு. நாமளா கேன்சல் பண்ணினா காசு திரும்ப வவுச்சராத்தான் போகும், அதுவும் பழைய தேதியோட, அதாவது மார்ச் 31-க்கு அப்புறம் கேன்சல்னா கோவிந்தா. தேதி மாத்த மட்டும் விடுறான், கட்டண வித்தியாசம் கட்டணும். அக்காவுக்கு ஃபோன் பண்ணி முகூர்த்தத் தேதிய மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டேன். "ஐயர்கிட்ட நீயே பேசிக்கோ"ன்னுட்டா.