மரம் வெட்டும் காண்ட்ராக்டரின் இன்சூரன்ஸை நான் சரிபார்த்த விதம்

கூரைப் பக்கம் சாய்ந்து நின்ற மரம் அது. அடியில் காளான் பூத்து, ஒரு பக்கம் மண் வெடித்து வேர் மேலெழும்பியிருந்தது. எடுத்தே ஆக வேண்டும். விலை கேட்கக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் தவறாமல் சொன்னது, “எங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கு சார்.” அதை ஒவ்வொருவரிடமும் விசாரித்தேன்.

முதலில், இதில் பார்க்க வேண்டியது இரண்டு இன்சூரன்ஸ். கிளை விழுந்து என் கூரையோ பக்கத்து வீட்டுச் சுவரோ உடைந்தால் அதற்கு ஒன்று. மேலே ஏறுகிறவர் விழுந்தால் அவருடைய சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் இன்னொன்று. பலரும் முதலாவதை மட்டும் காட்டுவார்கள். இரண்டாவது இல்லையென்றால் அடிபட்டவருக்கு யார் கொடுப்பது என்ற கேள்வி வீட்டுக்காரர் தலையிலும் விழக்கூடும். அதைவிட, என் வீட்டு வேலைக்கு வந்து அடிபடுகிற ஒரு மனிதர் கைவிடப்படுவதை என்னால் ஏற்க முடியாது.

குறைந்த விலை சொன்னவர் தன் பாலிசியின் நகலை உடனே அனுப்பினார். தேதி சரி, பெயரும் சரி. ஆனால் தொழில் விவரம் என்ற இடத்தில் ‘தோட்டப் பராமரிப்பு’ என்று இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கே போன் செய்தேன். நகலில் இருந்த எண்ணுக்கு அல்ல, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் தேடி எடுத்த எண்ணுக்கு. புல் வெட்டுவது, வேலிச் செடி கத்தரிப்பது எல்லாம் அடங்கும். உயரத்தில் ஏறி மரம் வெட்டுவது அடங்காது என்றார்கள். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, பாலிசியைப் படித்திருக்க மாட்டார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தவரிடம், சான்றிதழைக் கம்பெனியிலிருந்தே நேராக எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். முகம் சுளிக்காமல் செய்தார். கிரேன் வெளியிலிருந்து வரும் என்று அவரே சொன்னதால் கிரேன்காரரின் பாலிசியையும் தனியாகக் கேட்டு வாங்கினேன்.

தகுதிச் சான்று விஷயத்தில், சர்வதேச மர வளர்ப்புச் சங்கமான ஐ.எஸ்.ஏ. தேர்வு நடத்தி வழங்கும் ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பு நிபுணர்) சான்றிதழை அவர் காட்டினார். அது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, ஐ.எஸ்.ஏ. தளத்தில் பெயரைப் போட்டே சரிபார்க்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது: இந்தச் சான்றிதழ் தனி ஆளுக்குத்தான், நிறுவனத்துக்கு இல்லை. அதனால், அந்தச் சான்றிதழ் பெற்ற ஆள் வேலை நாளன்று இங்கே இருப்பாரா என்றும் கேட்டேன்.

அப்புறம், பேச்சுவாக்கில் கேட்டது இது: “பக்கத்து மரத்தில் காய்ந்த கிளையை மட்டும் கழிக்கணும், எப்படி ஏறுவீங்க?” முன்பு வந்த ஒருவர், காலில் இரும்பு முள் கட்டி ஏறிவிடுவோம் என்றிருந்தார். இவரோ, “வெச்சுக்கப் போற மரத்தில் முள் குத்தவே கூடாது, குத்தின இடமெல்லாம் காயம். கயிறு போட்டுத்தான் ஏறுவோம்” என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது இந்தப் பதிலில்தான்.

தூரைத் தோண்டி எடுப்பது, கட்டைகளை அப்புறப்படுத்துவது, முன்பணம், பாலிசி எண் எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம். தவணை கட்டாவிட்டால் பாலிசி நடுவிலேயே ரத்தாகிவிடும் என்பதால், வேலைக்கு முந்தின நாள் கம்பெனிக்கு மறுபடியும் போன் செய்து கேட்டேன். நடப்பில் இருக்கிறது என்றார்கள். அதன் பிறகே அவரைக் கூப்பிட்டு, காலையில் ஆட்களோடு வரச் சொன்னேன்.