விற்பனைக்கு முன் கையிருப்பைப் பார்க்கிறேன்

நினைவக சிப் நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்துவருகிறேன். அவற்றில் விற்பனை எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, கிடங்கில் எத்தனை நாள்களுக்கான சரக்கு தேங்கியிருக்கிறது என்பதையே முதலில் தேடுகிறேன்.

2021இல் சிப் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது, பிறகு கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் வாங்குவோர் பலர் தேவைக்கு மேலாகவே ஆர்டர் கொடுத்தார்கள். அந்த ஆர்டர்கள் முழுவதையும் உண்மையான தேவை என்றே முதலீட்டாளர்கள் பலர், நான் உட்பட, எடுத்துக்கொண்டோம். பெருந்தொற்றுக் காலத்தில் புதுக் கணினி வாங்கியவர்கள் மறுபடியும் வாங்க வராததால் சரக்கு தேங்கி, 2022இன் பிற்பாதியில் நினைவக சிப் விலை சரிந்தது. 2022 நிதியாண்டில் சுமார் 3,080 கோடி டாலராக இருந்த, அமெரிக்க நினைவக சிப் நிறுவனமான மைக்ரானின் வருவாய், அடுத்த ஆண்டே ஏறத்தாழ 1,550 கோடி டாலராகப் பாதியானது. 2023 ஏப்ரலில் சாம்சங்கும் நினைவக உற்பத்தியைக் குறைப்பதாக அறிவித்தது.

ஆலை எழுப்ப ஆண்டுகள் பிடிக்கும். தேவையோ சில மாதங்களில் மாறிவிடும். இந்த இடைவெளியில்தான் விலை ஏறுவதும் விழுவதும் நடக்கின்றன.

செயற்கை நுண்ணறிவுக்கான அடுக்கு நினைவகம் (சிப்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்வது), அதே கொள்ளளவுள்ள சாதாரண நினைவகத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் தகடுகளை எடுத்துக்கொள்வதாக மைக்ரான் கூறியுள்ளது. எனவே அதன் விற்பனை பெருகும்போது, சாதாரணக் கணினிகளுக்கான வரத்தும் சுருங்குகிறது. இந்தத் தேவை உண்மையானது என்றே கருதுகிறேன். ஆயினும் வாங்குவோரின் கிடங்குகளில் சரக்கு சேர்கிறதா என்பதை ஒவ்வொரு காலாண்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.