தெப்பக்குளத்தை மூணு சுத்து

போன வருஷம் ஆடி மாசம் டெஸ்ட் எடுத்தப்ப மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 6.2ன்னு வந்துச்சு. "5.7 தாண்டுனாலே பார்டர்தான்மா, 6.5 தொட்டா சுகர்னே எழுதிருவோம், சோத்தைக் கொறைங்க, தினம் நடங்க"ன்னு டாக்டர் மாத்திரை இல்லாம அனுப்பிட்டாங்க. நானும் போன்ல ஸ்டெப் எண்ற ஆப்பைப் போட்டு 10,000ன்னு கிளம்புனேன். சரியா பதினோரு நாள் ஓடுச்சு. ராத்திரி பத்து மணிக்கு 8,700லயே நிக்குதேன்னு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டு இருந்தா வீட்டுக்காரர் "எதைத் தொலைச்ச?"ங்குறார். அப்புறம்தான் படிச்சேன், அந்தப் பத்தாயிரமே எந்த டாக்டரும் கணக்குப் போட்டு சொன்னது இல்லையாம், 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி இடுப்புல மாட்டுற மீட்டரை விக்கிறதுக்கு வச்ச பேராம். அன்னைக்கே ஆப்பைத் தூக்கிட்டேன்.

அதுக்கப்புறம்தான் தெப்பக்குளம். மதுரைக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம், மத்தவங்களுக்கு: திருமலை நாயக்கர் வெட்டுன குளம், ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து அம்பது அடி, அப்ப ஒரு சுத்து சுமாரா 1.2 கிலோமீட்டர். மூணு சுத்துக்கு எனக்கு முக்கா மணி நேரம் ஆகும். நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப பாதி வருஷம் காஞ்சுதான் கிடக்கும், பயலுக உள்ளயே ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவாங்க, இப்ப வைகைத் தண்ணி வந்து நிக்கிறதால காத்தே வேற மாதிரி இருக்கு.

ஆனா உண்மையைச் சொல்றேன், என்னையத் தினம் எழுப்பிக் கூட்டிட்டுப் போனது காத்தும் இல்ல சுகரும் இல்ல, அங்க மூலையில உக்காந்து விக்கிறவங்கதான். ஆடியில நாவப்பழம், உப்பைத் தூவிக் குடுப்பாங்க, நாக்கு ஊதாவா ஆயிரும். புரட்டாசியில சீத்தாப்பழம் (அது எனக்கு ஆகாது, அளவா ரெண்டு). ஐப்பசி மழையில பாதி நாள் நடையே கிடையாது, அதைப் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, பஜ்ஜிதான் சாப்ட்டேன். மார்கழில பருத்திப்பால் வண்டி, சுக்கும் ஏலக்காயும் போட்டு ஆவி பறக்க நிக்கும், கருப்பட்டி இனிப்புன்னு தெரிஞ்சும் வாரத்துக்கு ஒரு டம்ளர்னு எனக்கு நானே சட்டம் போட்டுக்கிட்டேன்.

தை பொறந்தா பனங்கிழங்கு. இதுக்காக நான் ஆறு கிலோமீட்டர் கூட நடப்பேன். கட்டுக்கட்டா வச்சுக்கிட்டு ஒரு பாட்டி இருக்கும், மொத நாளே "ஏ தாயி, மஞ்சளும் உப்பும் போட்டு அவிக்கணும், குக்கர்ல வச்சு அவசரப்படாத"ன்னு கண்டிஷனா சொல்லிருச்சு. வெந்ததை ரெண்டாப் பொளந்து நடு நரம்பை உருவிட்டு, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு உதுத்தா, நாலு மணிக்கு மிக்சர் டப்பா பக்கமே போகத் தோணாது. நார் அம்புட்டு இருக்குல்ல, வயிறு கும்முனு நிக்கும். பொங்கலுக்குக் கிழங்கு வேணும்னா முந்துன புரட்டாசி வாக்குலயே பனங்கொட்டையை மண்ணுல பாத்தி கட்டிப் பொதைக்கணும்னும் அந்தப் பாட்டிதான் சொல்லுச்சு. எந்த மாலுலயும் இந்தக் கதை கிடைக்காது.

சித்திரையில நுங்கு. கட்டை விரலால அமுக்கிப் பாத்து இளசான்னு கேட்டு வாங்கணும், இல்லாட்டி கடுக்காயைத் தலையில கட்டிருவாங்க. மாம்பழத்துலதான் தோத்தேன், மே மாசம் வெறும் வயித்து சுகர் லேசா ஏறுச்சு. சீசன்ல வர்றதுங்குறதுக்காக எல்லாமே மருந்து ஆயிராதுல்ல.

ஞாயித்துக்கிழமை மட்டும் குளத்துக்கு லீவு. புள்ளைகளைக் கூட்டிட்டு கீழக்குயில்குடி சமணர் மலை. தாமரைக் குளத்துக்கிட்ட வண்டியை நிப்பாட்டிட்டு படியில ஏறணும், மேல பேச்சிப்பள்ளத்துல வரிசையா தீர்த்தங்கரர் சிற்பங்க, ஆயிரம் வருஷத்துக்கும் மேல ஆச்சு. மூச்சு வாங்குறது புள்ளைகளுக்குத் தெரியக்கூடாதுன்னு நான் ஒவ்வொரு சிற்பத்தையும் ரொம்ப ரசிச்சுப் பாப்பேன். மூத்தவன் கண்டுபிடிச்சுட்டான், "அம்மா, போன வாரமும் இதைத்தானே இம்புட்டு நேரம் பாத்த?"ங்குறான்.

இந்த ஆடிக்குத் திரும்ப டெஸ்ட் எடுத்தேன், 5.8. இன்னும் பார்டர்தான், ஆனா எனக்குத் திருப்தி. வீட்டுக்காரரு இது அம்புட்டும் நாவப்பழத்தோட வேலைன்னு முடிவே பண்ணிட்டு நாவக்கொட்டைப் பொடி அரைக்கிலோ வாங்கி வந்திருக்கார். நான் நடந்ததுக்கு ஒரு பேச்சுக்கூட இல்ல! டப்பா பிரிக்காம மிக்ஸி பக்கத்துல கிடக்கு. நாளைக்கு ஆடி வெள்ளி, மாரியம்மன் கோவில் பக்கம் கூட்டம் ஏறிரும், அஞ்சு மணிக்கே கிளம்பணும்.