இரண்டாவது இருக்கையின் எடை

ஜனவரி 11, 2025 (சனி)

நேற்றிலிருந்து மழை விடவில்லை. சிங்கப்பூர் காக்கி புக்கிட் பட்டறையில், நானே வடிவமைக்கும் இரண்டு இருக்கை குட்டி விமானத்துக்காகப் பிளைவுட்டில் செய்து வைத்த காக்பிட் (விமானி உட்காரும் அறை) மாதிரியில் இன்று முதல் தடவையாக இரண்டு பேர் உட்கார்ந்தோம். உள் அகலம் 112 செ.மீ. மாமா வலப்பக்கம் ஏறினார். செலேத்தாரில் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தோள் இடிக்கவில்லை, எனக்கு அவ்வளவு சந்தோஷம். இருக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு: இருவருமே எடை மையத்தை ஒட்டி உட்காருவதால், ஒருவர் வராவிட்டாலும் சமநிலை பெரிதாக நகராது.

அப்புறம் எடை மெஷினில் ஏறினோம். எனக்கு 82 கிலோ, மாமாவுக்கு 91. என் கணக்கில் தலைக்கு 75 என்று போட்டிருந்தேன். வெறும் விமானம் 270, ஆட்கள் 150, 40 லிட்டர் பெட்ரோல் 29, ஆக 449. இந்த வகை விமானத்துக்கு மொத்த எடை வரம்பு 450 என்பதால் ஒரு வருடமாக நிம்மதியாக இருந்தேன். உண்மையான எடையைப் போட்டால் பெட்ரோலுக்கு மிஞ்சுவது 7 கிலோ. 80 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். 40 நிமிடத்தில் டாங்க் காலி.

ஜனவரி 14

பொங்கல். மாமா வீட்டில் சாப்பாடு. "மாப்ளே, காகிதத்துல எடையைக் குறைக்கலாம், ஆளைக் குறைக்க முடியுமா?" என்றார்.

ஐரோப்பாவில் ரொம்ப காலம் இரண்டு இருக்கை அல்ட்ராலைட்டுக்கு (மிக லேசான விமானம்) 450 கிலோதான். மீட்புப் பாராசூட் வைத்தால் 472.5. 2018இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, விரும்பும் நாடுகள் 600 வரை அனுமதிக்கலாம் என்றது. அமெரிக்கா லைட் ஸ்போர்ட் என்ற லேசான விமான வகைக்கு 2004லேயே 600 கொடுத்துவிட்டது. இரண்டு பேரையும் நிரம்பிய டாங்கையும் சேர்த்துத் தூக்காததை இரண்டு இருக்கை விமானம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 600க்கு மாற்றுகிறேன்.

ஜனவரி 18

இறக்கைப் பரப்பு 12.3 சதுர மீட்டர். 450 கிலோவில் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தூக்காது) மணிக்கு 65 கி.மீ. என்று வரும்படி வைத்தது. 600 கிலோவில் அதே இறக்கைக்கு 75 வருகிறது. 600 கிலோ வகைக்கு ஸ்டால் வேக வரம்பு 45 நாட், அதாவது மணிக்கு 83 கி.மீ. விதிக்கு 10 சதுர மீட்டரே போதும். ஆனால் குறைக்கமாட்டேன். புத்தகக் கணக்கெல்லாம் 15 டிகிரிக்கு. நம் ஊர் மதியம் 32 டிகிரியில், கடல் மட்டத்திலேயே காற்று 2,000 அடி உயரத்துக் காற்றைப் போல லேசாகிவிடும், மேலெழும்ப ஓடவேண்டிய தூரம் நீளும்.

வேலை வைப்பது ஸ்பார்தான், இறக்கைக்குள் பாரம் தாங்கும் முதன்மை உத்தரம். 4 ஜி, அதாவது எடையைப் போல் நாலு மடங்கு, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு. 2,700 கிலோ தாங்க வேண்டியது இப்போது 3,600.

பிப்ரவரி 1

தடிமன் கூட்டிய ஸ்பாரின் மாதிரித் துண்டை மணல் மூட்டை அடுக்கி உடைத்தோம். எதிர்பார்த்ததற்கு ரொம்ப முன்பே "டப்" என்று பிரிந்தது. மரம் முழுசாக இருந்தது, ஒட்டிய பரப்பு மட்டும் கண்ணாடி போல வழவழ. மாமா விரலால் தடவினார், மெழுகு மாதிரி வழுக்கியது. முதல் பூச்சு மழை ஈரத்தில் காயும்போது எபாக்சி பசை மேலே கக்கிய படலம். அதைக் கழுவாமலேயே மேல் பூச்சுப் போட்டிருக்கிறேன். தப்பு என்னுடையது.

பிப்ரவரி 8

இந்தத் தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் நார் போட்டுத் தேய்த்து, காயவைத்து, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்த பூச்சு. பட்டறைக்கு ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றும் வாங்கினேன்.

கணக்கிட்ட பாரத்தைத் தாண்டி இன்னும் நாலு மூட்டை ஏறியது. அப்புறம்தான் முறிந்தது. ஒட்டில் இல்லை, மரத்தில். உடைந்த முகத்தில் பசையை விடாமல் மரநார்கள் நட்டமாக நின்றன.