ஒன்றரை மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது

ஹீலியோஸ் 44-2 என்ற பழைய லென்ஸை வாங்கிய அன்று எனக்கு மவுண்ட், அதாவது லென்ஸைக் கேமராவில் மாட்டும் வாய், பற்றி ஒன்றும் தெரியாது. குவியத் தூரம் 58 எம்எம், எஃப்/2 (லென்ஸின் துளையளவு, எண் சிறிதானால் துளை பெரிது), சோவியத் தயாரிப்பு, பின்னணி சுழல் சுழலாக விழும், அவ்வளவுதான் தெரியும். கையில் இருந்தது ஒரு நிக்கான் டிஎஸ்எல்ஆர். ஒரு மவுண்ட் லென்ஸை வேறு மவுண்ட் கேமராவில் மாட்ட உதவும் மலிவான அடாப்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். எதிரே இருந்த தேநீர்க் கோப்பை அபாரமாக வந்தது, ஜன்னலுக்கு வெளியே இருந்த தென்னை மரம் மட்டும் ஃபோகஸ் ரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் மசமசவென்றுதான் தெரிந்தது.

லென்ஸில் கோளாறு இல்லை, நான் கணக்குப் பார்க்காததுதான் கோளாறு. ஹீலியோஸ் எம்42 வகை, அதாவது 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு மரை. இந்த வகை லென்ஸ், மவுண்ட்டிலிருந்து சென்சார் 45.46 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. நிக்கான் எஃப் மவுண்ட்டில் அதுவே 46.5. லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நிற்கிறது, அடாப்டருக்குத் தடிமனே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் சுமார் மூன்று மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது. நடுவில் ஒரு கண்ணாடி வைத்த அடாப்டர் கிடைக்கும், அதையும் வாங்கினேன், தென்னை மரம் தெரிந்தது, ஆனால் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல இருந்தது. அந்தக் காசுக்கு இரண்டு ஃபில்ம் ரோல் வாங்கியிருக்கலாம்.

அப்புறம் நண்பரின் பழைய கேனான் இஓஎஸ் கிடைத்தது. இஎஃப் மவுண்ட் 44 மில்லிமீட்டர். மிச்சம் 1.46, அதற்குள் ஒரு மெல்லிய வளையம் அடங்கிவிடும், கண்ணாடி வேண்டாம். ஏவி மோடில் (துளையை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா முடிவு செய்யும்) ஒளியளக்கும் மீட்டரும் வேலை செய்தது. ஆனால் ஃபுல்ஃபிரேம், அதாவது பெரிய சென்சார் உள்ள, இஓஎஸ் வைத்திருப்பவர்கள் கவனம், சில எம்42 லென்ஸ்களின் பின்பகுதி இன்ஃபினிடியில் (வெகுதூரத்துக்கு ஃபோகஸ் செய்யும்போது) கண்ணாடியை, அதாவது மிரரை, இடித்துவிடும்.

இப்போது என்னிடம் இருப்பது சோனி மிரர்லெஸ், உள்ளே மிரரே இல்லாத கேமரா. இ மவுண்ட் 18 மில்லிமீட்டர்தான், ஆகவே அடாப்டர் என்பது 27.46 மில்லிமீட்டர் நீளமுள்ள வெறும் உலோகக் குழாய். இந்த லென்ஸ் மாட்டியிருப்பது கேமராவுக்குத் தெரியாது, மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் ஒரு தேர்வு இருக்கிறது, அதை மாற்ற மறந்தால் பட்டனை அழுத்தி அழுத்தி விரல்தான் வலிக்கும். பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) இருந்தால் குவியத் தூரம் 58 என்று கையால் பதிய வேண்டும். ஃபோகஸ் ஆன விளிம்புகளை வண்ணமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை நான் நம்புவதில்லை, எஃப்/2-இல் கண் இமையா புருவமா என்று அதற்குத் தெரியாது, பெரிதாக்கிப் பார்ப்பதுதான் சரி.

44-2-இல் அபர்ச்சருக்கு, அதாவது ஒளி நுழையும் துளைக்கு, இரண்டு வளையம். முன்னால் இருப்பதை டிக் டிக்கென்று திருப்பி வேண்டிய எண்ணில், எஃப்/4 என்று வைத்துக்கொள்வோம், நிறுத்தலாம், அடுத்தது சத்தமே இல்லாமல் எஃப்/2-க்கும் அந்த 4-க்கும் இடையே வழுக்கும். திறந்து வைத்து ஃபோகஸ் பண்ணி, தட்டுப்படும்வரை மூடிவிட்டுக் கிளிக். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

ஒரே எரிச்சல், திருகி முடிக்கும்போது எண்களெல்லாம் லென்ஸுக்கு அடியில் போய் நின்றன. அடாப்டரின் பக்கவாட்டில் இருந்த மூன்று குட்டி ஸ்க்ரூவைத் தளர்த்தி உள்வளையத்தைத் திருப்பினால் சரியாகிவிடும். சரியாகிவிட்டது. மூன்றில் ஒரு ஸ்க்ரூவை மட்டும் இன்னும் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.