மெருகு உப்புத்தாளில்தான் தொடங்குகிறது

வெள்ளி மோதிரத்துக்குப் பளபளப்பைத் தருவது பாலிஷ் சக்கரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பாதிக்கு மேல் வேலை உப்புத்தாளிலேயே முடிந்துவிடுகிறது.

அரம் விட்ட கோடுகளை முதலில் 400 எண் தாளால் தேய்ப்பேன். அப்புறம் 600, 800, 1200; எண் கூடக் கூடத் தாள் நைசாகும். தாள் மாறும்போதெல்லாம் தேய்க்கும் திசையையும் குறுக்காக மாற்றிக்கொள்வேன். முந்தைய தாளின் கோடு மிச்சம் இருந்தால் உடனே கண்ணில் படும். அது மறையும்வரை அடுத்த எண்ணுக்குப் போவதில்லை. ஆழமான கீறலைச் சக்கரத்தில் வைத்து அழுத்தினால் கீறல் போகாது, அதன் ஓரம்தான் மழுங்கும். கையால் செதுக்கிய விளிம்பும் கூடவே கரைந்துவிடும். எனக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்காது.

925 வெள்ளியில், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி உள்ள கலவையில், இன்னொரு தொல்லை உண்டு. மீதி 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்பு. பற்றவைக்கச் சூடாக்கும்போது அந்தச் செம்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே சாம்பல் நிறக் கறையாகத் தங்கிவிடும். அமிலக் கரைசலில் போட்டாலும் முழுதாகப் போகாது. மெருகேற்றிய நகைக்கு முன்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள், கறை இருந்தால் திட்டாகத் தெரியும். சரி, மறுபடியும் உப்புத்தாள்தான்.

சக்கரத்தில் முதலில் ட்ரிப்போலி என்ற சற்றுக் கரகரப்பான மெருகுப் பூச்சு, கழுவிய பிறகு வேறொரு சக்கரத்தில் அதைவிட நைசான சிவப்பு ரூஜ். சங்கிலியை மட்டும் சக்கரத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், விரலோடு சேர்த்து இழுத்துவிடும். அதற்கு எஃகுக் குண்டுகள் போட்டுச் சுழலவிடும் டம்ளர் இயந்திரம்தான் சரி.

கடைசியில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும். இடுக்கில் ரூஜ் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.